பாசிவும் ஞானதுரை அண்ணாச்சியின் இரண்டாம் கையும்

போன வாரம் குக்கருக்கு கேஸ்கட் தேடிப் பரணில் ஏறினேன். கேஸ்கட் கிடைக்கவில்லை. பரணில் ஏறியவருக்குத் தேடிய பொருள் கிடைத்ததாக எங்கள் வீட்டு வரலாற்றிலேயே கிடையாது. கிடைத்தது ஒரு மக்ரூன் பெட்டியின் அட்டை மூடி. தூத்துக்குடிக்காரர்களுக்கு மக்ரூனை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: முந்திரிப்பருப்பும் சீனியும் முட்டை வெள்ளையும் சேர்த்து அடித்து, கூம்பு கூம்பாகச் சுட்டு வைத்திருப்பார்கள். வாயில் போட்டால் கடிக்கிற வேலையே இல்லை. மூடியை மூக்கருகே கொண்டுபோனேன். இத்தனை வருஷம் கழித்து அந்த வாசனை வரும், கண் கலங்கும், கொஞ்ச நேரம் பரணிலேயே உட்கார்ந்து பெருமூச்சு விடலாம் என்று ஒரு திட்டத்தோடுதான். கரப்பான் பூச்சி வாசனை வந்தது. கண் கலங்கியது உண்மை, ஆனால் தும்மலில்.

மூடியின் உட்பக்கத்தில் நீலப் பேனாவில் குண்டு குண்டாக எழுதியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்துக் கையெழுத்து, ஒரு எழுத்துகூட வரியை விட்டு இறங்காது. ஓப்பன், பேர், பாஸ்வேர்டு, பைனரி, பாசிவ், புட், பை. மேலிருந்து கீழாக, நம்பர் போட்டு. அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்து, இன்னும் இரண்டு வரி. அதை இப்போது சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது, பொறுங்கள்.

என் மகள் கம்ப்யூட்டர் படித்தவள். எட்டிப் பார்த்து, "என்னம்மா இது, மந்திரமா?" என்றாள். எஃப்டிபி என்றேன், கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்புகிற பழைய வழி. "ஐயோ, அத பிரவுசர்லேர்ந்தே தூக்கிட்டாங்களேம்மா" என்றாள், தூரத்துச் சொந்தத்தில் யாரோ செத்துப்போனதைச் சொல்வதுபோல, டீயை உறிஞ்சிக்கொண்டே. எனக்குச் சுருக்கென்றது. அந்த எஃப்டிபியோடு நான் மல்லுக்கட்டிய கதை அவளுக்கு எங்கே தெரியும்?

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. சாத்தான்குளத்தில் மளிகைக் கடை வைத்திருந்த எங்கள் அப்பா, கடைக்குப் பக்கத்துக் கடையில் மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பயந்தே நான் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடி. வெயில் ஏற ஏற ரப்பர் வாசனையும் ஏறும். கப்பல் ஏஜென்சி என்றதும் ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் என்று ஊரில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் லாரி தெரியும்.

என் வேலை இதுதான். தூத்துக்குடியிலிருந்து சின்னக் கப்பல் கொழும்புக்குப் போகும். அங்கே கண்டெய்னர்கள் பெரிய கப்பலுக்கு மாறி உலகம் சுற்றும். எங்கள் ஊரில் கண்டெய்னர் என்று வாய் வலிக்கச் சொல்வதில்லை, பெட்டி என்போம். எந்தப் பெட்டி, எத்தனை டன், உள்ளே என்ன, குளிர்ப்பெட்டி என்றால் எவ்வளவு குளிர் என்று பட்டியலை ஒரு ஃபைலாக அடித்து, கொழும்பில் இருக்கிற கம்ப்யூட்டருக்கு நான் அனுப்ப வேண்டும். அதற்குத்தான் எஃப்டிபி. இப்போதுபோல் திரையில் ஒரு பொம்மையைத் தொட்டால் போய்விடும் சமாச்சாரம் இல்லை. கறுப்புத் திரை. ஒவ்வொரு கட்டளையையும் கையால் அடித்து என்டர் தட்ட வேண்டும்.

இதில் ஃபைல் போவதற்கு இரண்டு வழி உண்டு. ஒன்று ஆக்டிவ். கடைக்கு போன் போட்டுச் சாமான் சொல்கிறோம், "வீட்டுக்கே ஆள் அனுப்புதேன்" என்கிறார் கடைக்காரர். ஆள் வருகிறார். நம் வாசல் வாட்ச்மேன் அவரை யாரென்று தெரியாமல் விரட்டிவிடுகிறார். நாம் உள்ளே உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். இன்னொன்று பாசிவ். "ஆறாம் நம்பர் ஜன்னலத் தெறந்து வைக்கேன், நீங்களே வாங்க" என்கிறார் கடைக்காரர். நாமே எழுந்து போகிறோம், காரியம் முடிகிறது. வெளியே போகிறவரை எந்த வாட்ச்மேனும் தடுப்பதில்லை. எங்கள் ஆபீசில் வாட்ச்மேன் என்பது பீரோ மேல் பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டு கிடந்த ஃபயர்வால் பெட்டி. ஆகவே எங்களுக்கு பாசிவ்தான் கதி. நாமே எழுந்து நடந்தால் அதற்குப் பெயர் பாசிவ், காலை நீட்டி உட்கார்ந்திருந்தால் ஆக்டிவ்! பெயர் வைத்தவர் கண்டிப்பாக ஆம்பளையாகத்தான் இருக்க வேண்டும்.

விண்டோஸில் இருந்த எஃப்டிபிக்கு பாசிவ் என்றால் என்னவென்றே தெரியாது. அடித்தால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிடும். அதனால் சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர் ஒருவர் ஒரு பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தார். "உள்ள போனதும் பாசிவ்னு அடிங்க மேடம், அவ்ளோதான்" என்றார். மேடம் என்று என்னை முதன்முதலாகக் கூப்பிட்டவர் அவர்தான். அந்தக் குளிர்ச்சியில் வேறு எதையும் கேட்டுக்கொள்ள மறந்துவிட்டேன்.

இப்போது ஞானதுரை அண்ணாச்சி. நாசரேத்துக்காரர், எங்கள் ஆபீசில் டாக்குமெண்ட் எல்லாம் அவர் பொறுப்பு. அதற்கு முன் துறைமுகத்தில் இருபது வருஷம் பெட்டி எண்ணுகிற டேலி கிளார்க். கப்பலடியில் கிரேன் சத்தத்துக்கு நடுவே ஒருவர் பெட்டி நம்பரைக் கத்துவார். கேட்டவர் அதைத் திருப்பிக் கத்தி, பிறகுதான் எழுதுவார். அதுதான் அங்கே முறை. ஒரே ஒருநாள் அண்ணாச்சி திருப்பிக் கத்தாமல் எழுதிவிட்டாராம். அந்தப் பெட்டி போகவேண்டிய ஊரை விட்டுவிட்டு வேறெங்கோ போய் இறங்கியதாம். அன்றிலிருந்து மனிதர் எதையும் ஒரு தடவை செய்ததில்லை. பூட்டைப் பூட்டுவார், திறப்பார், மறுபடி பூட்டுவார். சர்ச்சில் எல்லாரும் ஆமென் சொல்லி முடித்தபின் தனியாக ஒரு ஆமென் கேட்கும், அது எங்க வீட்டுக்காரர்தான் என்று அவர் மனைவியே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஆபீசிலும் அதே சட்டம். ஒரு கை செய்ததை இன்னொரு கை திருப்பிச் செய்து பார்க்க வேண்டும். அதற்கு அவர் வைத்த பெயர் இரண்டாம் கை. பெண்பிள்ளைகளைக் கூப்பிடும் எங்கள் பக்கத்து வழக்கப்படி என்னை ஏளா என்பார். "ஏளா, மனுசக் கைய நம்பாத. ஒங் கையயும் நம்பாத, எங் கையயும் நம்பாத" என்பார். பிறகு யார் கையைத்தான் நம்புவது என்று கேட்டால் மேலே காட்டுவார். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்.

லினக்ஸ் வந்த மறுநாள் அண்ணாச்சி லீவு, ஏதோ கல்யாணம். நான் தனியாக உட்கார்ந்து இன்ஜினியர் சொன்னபடியே அடித்தேன். முப்பத்தேழு பெட்டிக்கான பட்டியல் சிட்டாய்ப் பறந்தது. கம்ப்யூட்டரே என் காலடியில் கிடப்பதுபோல் ஒரு தெனாவெட்டு வந்துவிட்டது எனக்கு.

அதற்கு மறுநாள் காலையில் வந்தார் மிக்கேலண்ணன். திரேஸ்புரம் மீனவர்களிடம் கணவாய் மீன் வாங்கிப் பெரிய கம்பெனிகளுக்குக் கொடுக்கிறவர். பன்னிரண்டு வருஷமாக அவர் தேடித் தேடி வாங்கிய கணவாய், யார் யார் பெயரோ போட்ட அட்டைப் பெட்டிகளில் கப்பலேறிக்கொண்டிருந்தது. இப்போது முதல் தடவையாக, தன் அம்மா பெயரை பிராண்டாக அச்சடித்து, சொந்தமாக ஒரு குளிர்ப்பெட்டி அனுப்புகிறார். முப்பத்தெட்டாவது பெட்டி. திருத்திய பட்டியல் மதியம் ஒரு மணிக்குள் கொழும்புக்குப் போய்விட வேண்டும். போனால் பெட்டிக்குப் பெரிய கப்பலில் இடம். போகாவிட்டால் அடுத்த கப்பல் பத்து நாள் கழித்து, அதற்குள் வாங்குகிறவர் கைகழுவிவிடுவார். "இது போச்சுன்னா மறுபடியும் அடுத்தவன் பேருக்குத்தான் கணவா வாங்கணும் தங்கச்சி" என்றார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் ஒரு காலி அட்டைப் பெட்டியை வைத்து, அம்மா பெயரை அவ்வப்போது கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். தூசியே இல்லை.

"நேத்து முப்பத்தேழு போச்சு, இன்னைக்கு ஒண்ணு போவாதா? டீ குடிச்சிட்டு வாங்கண்ணே, அதுக்குள்ள அனுப்பிருதேன்" என்று வாய் விட்டேன். என் வாய் விட்ட வார்த்தைகளை எல்லாம் ஒரு பெட்டியில் ஏற்றினால் கிரேன் தூக்காது. அப்போது மணி பத்து.

முறை எப்படி என்றால், நான் உள்ளே நுழைந்து பாசிவ் அடித்துவிட்டு, பக்கத்து அறைக்கு ஓடுவேன். வெளிநாட்டுக்குப் பேசுகிற போன் அங்கேதான். "இப்ப அனுப்புதேன், பாத்துக்கோங்க" என்று கொழும்பு ஆபீசில் இருக்கும் ரிஸ்வானாவிடம் சொல்லிவிட்டு ஓடி வந்து புட் அடிப்பேன். அன்றும் அதையே செய்தேன். 'போர்ட் கமாண்ட் சக்சஸ்ஃபுல்' என்று திரையில் ஒரு வெற்றி முழக்கம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றையும் காணோம். கர்சர் மட்டும் என்னைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டிருந்தது.

ரிஸ்வானாவை நான் நேரில் பார்த்ததே இல்லை, குரல் மட்டும்தான். "தங்கச்சி, நீங்க உள்ளுக்கு வந்தது தெரியுது. ஆனா ஒண்டும் வரல்லயே" என்றார். கட்டளையை உடைத்து வெளியே வந்து, மறுபடி உள்ளே போய், பாசிவ் அடித்து, ஓடி, சொல்லி, ஓடிவந்து, புட். மறுபடி கண்ணடிப்பு. பதினொன்றாயிற்று, பதினொன்றரையும் ஆயிற்று. நான் ஃபயர்வாலைத் திட்டினேன். இன்ஜினியரைத் திட்டினேன், மேடம் என்று கூப்பிட்ட பாவத்துக்கு. கொழும்பைத் திட்டினேன். "எங்கட பக்கம் எல்லாம் சரிதான் தங்கச்சி" என்று ரிஸ்வானா சொன்னபோது குரலில் இருந்த பொறுமையே எனக்கு எரிச்சலாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு மிக்கேலண்ணன் சட்டையின் முதுகுப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. மனிதர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை. ஒவ்வொரு தடவை நான் ஓடிவரும்போதும் என் முகத்தைப் பார்ப்பார், பிறகு அந்த அட்டைப் பெட்டியைப் பார்ப்பார். லீவு முடிந்து அன்று வந்திருந்த ஞானதுரை அண்ணாச்சி எனக்கு ஆறுதல் சொன்னார். "பதறாதளா. நீ செய்யுததெல்லாம் சரியாத்தான் இருக்கு. நாந்தான் ஒண்ணு விடாமப் பாத்துக்கிட்டு இருக்கம்லா."

அந்த வார்த்தையில் நான் விழித்திருக்க வேண்டும். விழிக்கவில்லை.

பன்னிரண்டரைக்கு ஏழாவதோ எட்டாவதோ முறை. பாசிவ் அடித்துவிட்டுப் போனை நோக்கி ஓடப்போனவளை மிக்கேலண்ணன் நிறுத்தினார்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காத. எனக்கு இங்கிலீசு தெரியாது. ஐஸ் கம்பெனி சுவிட்சுல போட்டிருக்குத ரெண்டு வார்த்ததான் தெரியும். நீ அடிச்சா ஆன்னு வருது. நீ அங்கன போனதும் அண்ணாச்சி வந்து உக்காந்து அதையே அடிக்காரு. ஆஃப்னு வருது. காலைல இருந்து இப்படியேதான் நடக்கு. அது சரிதானா?"

நான் திரும்பி அண்ணாச்சியைப் பார்த்தேன். அவர் ஏற்கனவே என் நாற்காலியில் பாதி உட்கார்ந்திருந்தார், ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு.

"இரண்டாம் கைளா" என்றார்.

பாசிவ் என்பது அந்த எஃப்டிபியில் லைட் சுவிட்ச் மாதிரி. ஒரு தடவை தட்டினால் ஆன், அதையே மறுபடி தட்டினால் ஆஃப், ஆக்டிவுக்குத் திரும்பிவிடும், வாசலில் வாட்ச்மேன் விரட்டிவிடுவார். ஒவ்வொரு தடவையும் திரையில் அதைத் தெளிவாகச் சொல்லவும் செய்கிறது. ஆனால் திரையில் எழுதியிருப்பதைப் படிக்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. கர்சர் எங்கே துடிக்கிறதோ அங்கே மட்டும்தான் என் கண் போகும். பி.எஸ்சி கம்ப்யூட்டர் படித்த நான் காலையிலிருந்து பார்க்காததை, இரண்டே இரண்டு இங்கிலீஷ் வார்த்தை தெரிந்த மனிதர் பின்னால் உட்கார்ந்து படித்திருக்கிறார்.

வெட்கம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். "அண்ணாச்சி, ஒங்க கைய கொஞ்சம் சும்மா வச்சிக்கிட்டு இருக்கீங்களா! ஒங்களாலதான் காலைல இருந்து அந்த மனுசருக்கு உசுரு போவுது" என்று கத்திவிட்டேன். டயர் கடைவரை கேட்டிருக்கும். அண்ணாச்சி எழுந்தார். ஜன்னலோரம் போய் நின்று, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். என் அப்பாவைவிட இரண்டு வயது பெரியவர். அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை, ஆனாலும் மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு ஆண்டவன் வைக்கவில்லை.

உட்கார்ந்தேன். பாசிவ் ஆன் என்றே இருந்தது. புட் அடித்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் 'டிரான்ஸ்ஃபர் கம்ப்ளீட்'. மிக்கேலண்ணன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. மணி பன்னிரண்டு நாற்பது.

அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து ரொம்ப மெதுவாக ஒரு குரல். கை பின்னால் கட்டியபடியே இருக்கிறது. கண் மட்டும் மேஜை மேல் கிடந்த மிக்கேலண்ணன் தாளில். "பெட்டியோட குளிரு மைனஸ் பதினெட்டு" என்றார். கொஞ்சம் விட்டு, "மைனஸ் பதினெட்டு" என்றார்.

நான் ஃபைலைத் திறந்தேன், சும்மா, அவர் வாயை மூடுவதற்காக. பதினெட்டு என்று இருந்தது. மைனஸைக் காணோம். அவசரத்தில் நான்தான் விட்டிருக்கிறேன். கொழும்பில் பட்டியலைப் பார்த்துத்தான் பெட்டிக்குக் குளிர் வைப்பார்கள். கழித்தல் பதினெட்டு என்றால் கணவாய் கல்லாக இருக்கும். கூட்டல் பதினெட்டு என்றால் மிக்கேலண்ணனின் அம்மா பெயர் போட்ட பெட்டியைத் திறக்கிறபோது அந்தத் துறைமுகமே மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடும். பத்து செகண்ட் நான் மைனஸ் பதினெட்டில் இருந்தேன்.

மைனஸைப் போட்டேன். மறுபடி புட். பாசிவ் மாதிரி இல்லை புட், எத்தனை தடவை போட்டாலும் பழையதை அழித்துவிட்டுப் புதியது உட்கார்ந்துகொள்ளும். போனுக்கு ஓடினேன். "வந்திட்டு தங்கச்சி, முப்பத்தெட்டுப் பெட்டி. கடைசிப் பெட்டி மைனஸ் பதினெட்டு" என்றார் ரிஸ்வானா. "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றேன். அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்ததை ஜன்னலோரம் நின்றவர் கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. காது மட்டும் லேசாக அசைந்ததுபோல் எனக்குத் தோன்றியது.

பெட்டி போய்ச் சேர்ந்தது. மிக்கேலண்ணன் அதற்கப்புறம் அடுத்தவர் பெயருக்குக் கணவாய் வாங்கவில்லை. மறுநாளே இரண்டு மக்ரூன் பெட்டியோடு வந்தார், எனக்கொன்று, அண்ணாச்சிக்கொன்று. அண்ணாச்சி தன் பெட்டியை மேஜைமேல் வைத்து, மூடியைத் திருப்பிப்போட்டு, ஸ்கேலும் பேனாவும் எடுத்துப் பொறுமையாக எழுதினார். எழுதி, கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார். ஏழு கட்டளை, கோடு, கீழே இரண்டு வரி:

பாசிவ் ஒரு தடவைதான் அடிக்க வேண்டும்.
பாசிவ் ஒரு தடவைதான் அடிக்க வேண்டும்.

நான் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தேன். அவரும் சிரித்தார். அதுதான் நான் கேட்ட மன்னிப்பு, அதுதான் அவர் கொடுத்ததும்.

கல்யாணமாகி நான் வேலையை விட்டபோது சுவரிலிருந்து மூடியைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மாடியில் இப்போது ஏதோ கோச்சிங் சென்டர். ரப்பர் வாசனை போய்விட்டது, கீழே செல்போன் கடை. பட்டியல்கள் எல்லாம் தானே போகின்றனவாம், யாரும் யாருக்கும் போன் போட்டு "இப்ப அனுப்புதேன்" என்று சொல்வதில்லை. ரிஸ்வானா குரல் மாதிரி ஒன்றை இப்போதும் எங்காவது கேட்டால் திரும்பிப் பார்க்கிறேன், முகமே தெரியாமல்.

அண்ணாச்சி மட்டும் விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் காலை ஏழு மணிக்கு போன் வரும், "ஏளா, பொங்கல் வாழ்த்து." எட்டு மணிக்கு மறுபடி போன், "ஏளா, பொங்கல் வாழ்த்து." ஒருதடவை நான், "ரெண்டாந் தடவ சொன்னா வாழ்த்து ஆஃப் ஆயிருமே அண்ணாச்சி" என்றேன். சொன்ன பிறகுதான் மனிதரைப் புண்படுத்திவிட்டேனோ என்று பயந்துபோனேன். "அப்பம் ஒம்பது மணிக்கு ஒருக்க கூப்புடுதேன்" என்றார். கூப்பிடவும் செய்தார்.

போன ஐப்பசியில் அவர் போய்விட்டார். எனக்கு அவரை ரொம்பத் தேடுகிறது. இந்தப் பொங்கலன்று ஏழு மணிக்கு அடுப்பைச் சிம்மில் வைத்துவிட்டு போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எட்டு மணிக்கும் நின்றேன்.